கீழ்வீட்டு ஆண் குரல்

வாடகைக்கு வீடு கேட்டுப் போன எங்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்டுக் குக்கர் காலைல எத்தனை மணிக்கு விசில் அடிக்கும்?" என்பது. என்ன ஜாதி, எங்கே வேலை, கறி, மீன் உண்டா, ஊரிலிருந்து யாராவது வந்து வந்து தங்குவார்களா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தோம். கிழக்குத் தாம்பரத்தில் ஏழெட்டு வீடு ஏறி இறங்கியதில் அதெல்லாம் மனப்பாடம் ஆகியிருந்தது. குக்கருக்கு எங்களிடம் பதில் இல்லை. என் கணவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் தெருமுனை டீக்கடையில் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரரான இந்த மனிதரோ, கூசும் பல்லால் ஐஸைக் கடித்தவரைப்போல முகத்தைச் சுருக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். சிரிப்பு அடங்கும்வரை திறக்கவில்லை.

அப்போதே திரும்பி நடந்திருக்க வேண்டும். நடக்காததற்குக் காரணம் அந்த வீட்டுக் கிணறு. அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் தண்ணீர் துரு வாடை அடிக்கும், இல்லாவிட்டால் உப்புக் கரிக்கும். வாளியில் மொண்டு குடித்துப் பார்த்த என் கணவர், "இளநீ மாதிரி கீதுமே. இத்த வுட்டா வேற வூடு கெடைக்காது" என்றார். நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தே போய்விடலாம். அவருக்கு ஸ்டேஷன் பக்கம். தண்ணீருக்கு ஆசைப்பட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் அந்த மனிதருக்குக் கீழே குடியிருந்தேன். அதில் ஏழெட்டு வருஷம் என் கணவரோடு.

வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு பைத்தியம். பறவை, தவளை, பூச்சி, அணில், ஓணான் என்று நாம் வாயில்லா ஜீவன் என்று சொல்வதெல்லாம் போடுகிற சத்தத்தை டேப்பில் பிடிப்பது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். பகலில் ஏதோ மத்திய அரசு ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு வருவார். அது அவருக்கு வேலை இல்லை, வேலைக்கு நடுவில் வந்த இடைஞ்சல். ஒரு பெரிய அலுமினிய வாணலியின் அடியில் துளை போட்டு, உள்பக்கம் பார்த்தாற்போல் மைக் பொருத்தி வைத்திருந்தார். தூரத்துச் சத்தம் வாணலியில் வந்து குவிந்து மைக்கில் விழுமாம். தோளில் டேப் ரிக்கார்டர், தலையில் ஹெட்ஃபோன், கையில் வாணலி. தெருவே அவரை வாணலி சார் என்றுதான் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கோலத்தில் சைக்கிள் ஏறி நன்மங்கலம் காட்டுக்கும் செம்பாக்கம் ஏரிக்கும் போவார். சைக்கிள் பெல்லைக் கழற்றிவிட்டிருந்தார். அவர் வருவது தெரியாமல் குறுக்கே போய் அடிபட்டவர்கள் எங்கள் தெருவில் இரண்டு பேர் உண்டு.

பறவைகளை அவர் பார்க்கமாட்டார். இது எனக்கு முதலில் புரியவில்லை. பைனாகுலர் கிடையாது, படப் புத்தகம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு வாணலியை மெதுவாகத் திருப்புவார், அவ்வளவுதான். ஒருமுறை செம்பருத்திச் செடியில் பளபளவென்று ஒரு குருவி வந்து உட்கார்ந்தபோது, "சார், அங்க பாருங்க" என்று காட்டினேன். "பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு? கலர்தானே" என்றார்.

காலை ஐந்தரையிலிருந்து எட்டரைவரை அவர் பாஷையில் சுத்த நேரம். பறவைகள் அதிகம் பேசுவது அப்போதுதான் என்பதால் மனிதர்கள் அப்போது பேசக்கூடாது. குக்கர் கூடாது, மிக்ஸி கூடாது, ரேடியோ கூடாது. துவைக்கிற கல்லில் துணியை அடிக்கக் கூடாது, கும்மத்தான் வேண்டும். கிணற்று ராட்டினத்துக்கு அவரே வாரம் ஒருமுறை எண்ணெய் போடுவார். தகர வாளிக்குப் பதில் பிளாஸ்டிக் வாளி வாங்கி வைத்திருந்தார். "பேசவே கூடாதுன்னு நான் சொல்லலம்மா. தேவைன்னா பேசலாம்" என்பார். கொஞ்சம் நிறுத்தி, "தேவைன்னா" என்று இன்னொரு தடவை சொல்வார். என் கணவர் ஏதோ எதிர்த்துக் கேட்டபோது, "வாய் இருக்கறவன்லாம் பேசியே ஆகணும்னு சட்டம் இல்லையே சார்" என்றார். அந்தச் சாருக்குள் எவ்வளவு மரியாதைக்குறைவு இருந்தது என்று எனக்குத் தெரியும். எக்ஸ்சேஞ்சில் வெளியூர் கால்களை இணைக்கிற டிரங்க் போர்டில் நாள் முழுக்க மனிதர்களின் குரலைக் கேட்டுச் சம்பாதித்தவள் நான்.

அவர் மனைவியைப் பற்றிச் சொன்னால்தான் இந்த ஆளைப் பற்றிச் சொன்னதாகும். அந்த அம்மாள் கையில் கண்ணாடி வளையல் கிடையாது. கைக்கு ஒன்றாகத் தங்க வளையல், அதிலும் வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்றியிருப்பார், எங்கேயாவது இடித்தாலும் சத்தம் வராமல் இருக்க. வீட்டுக்கு வந்த என் அம்மா அந்த நூல் சுற்றிய வளையலைப் பார்த்துவிட்டு, புருஷன் உயிரோடு இருக்கும்போதே இது என்ன கோலம் என்று என் காதில் சொல்லி நடுங்கினாள். சுத்த நேரத்தில் அந்த அம்மாள் மாடியிலிருந்து என்னிடம் விரலால் பேசுவார். இரண்டு விரலைக் காட்டி வட்டம் போட்டால் தக்காளி இரண்டு வேண்டும். கன்னத்தில் கை வைத்தால் பல்வலி. வருஷக் கணக்கில் பழகிவிட்டதால் பகலிலும் அவருக்குப் பேச்சு சரியாக வராது. பாதி வாக்கியத்தில் நின்று விரலைத் தூக்கிவிடுவார்.

எங்களால் விரலில் பேச முடியவில்லை. எனக்குப் பெரும்பாலும் மதிய ஷிஃப்ட், வீடு திரும்பும்போது என் கணவர் தூங்கியிருப்பார். அவருக்குக் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டியாக உட்கார்ந்து நாங்கள் பேசுவதற்கு எங்களிடம் இருந்தது அந்தக் காலை ஒன்றரை மணி நேரம்தான். அது முழுக்க வாணலி சாரின் சுத்த நேரத்துக்குள் போய்விட்டது.

பிரஸ் ஷாப்பில் நாள் முழுக்க இடி இடிக்கும். பக்கத்து மெஷின்காரனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். என் கணவர் கத்துவது கோபத்தினால் அல்ல, "உப்பு கொஞ்சம் தூக்கலா கீது" என்பதைக்கூட அவருக்கு அப்படித்தான் சொல்ல வரும். காலையில் எழுந்ததும் வரிசையாக ஐந்தாறு தும்மல் போடுவார். போட்டுவிட்டு, "அப்பாடா, இஞ்சின் ஸ்டார்ட் ஆய்ட்ச்சி" என்று தானே சிரிப்பார். தினமும் அதே வசனம், தினமும் அதே சிரிப்பு. எனக்கு அது போதும், அந்த நாள் நன்றாகத் தொடங்கிவிட்டதாக இருக்கும்.

வாணலி சார் நேரில் வந்து சண்டை போடமாட்டார். சண்டை போட்டால் அதுவும் சத்தம். எட்டரை மணிக்குமேல் எங்கள் கதவுக்கு அடியில் ஒரு சீட்டு வரும். நாலுக்கு மூன்று விரல் அளவில் கத்தரித்த வெள்ளைத் தாள், குண்டு குண்டான எழுத்து. "இன்று காலை 6.05. ஆண் தும்மல், ஆறு. தொடர்ந்து சிரிப்பு. தையல்சிட்டு கெட்டது." இதுதான் முதல் சீட்டு. மறுநாள் காலையில் என் கணவர் அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சிரித்தார். அதற்கும் ஒரு சீட்டு வந்தது.

ஒவ்வொரு கேசட்டுக்கும் அவர் மார்க் போடுவார். சுத்தம், அரைச் சுத்தம், அசுத்தம் என்று மூன்று தரம். காற்று விழுந்தால் அரைச் சுத்தம். மேலே பயிற்சி விமானம் போனாலும் அரைச் சுத்தம்தான், அதற்காக ஊரிலுள்ள அதிகாரிக்கெல்லாம் மனு எழுதியவர் அவர். மனிதக் குரல் விழுந்தால் மட்டும் அசுத்தம். அசுத்தமான டேப்பை ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்கமாட்டார். அன்றைக்கே அதன்மேல் வேறு பதிவு செய்து அழித்துவிடுவார். சீட்டின் அடியில் சில நாள் "அசுத்தம்: கீழ்வீட்டு ஆண் குரல்" என்று எழுதியிருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும். சீட்டுகளை ஒன்றுவிடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். வீட்டைக் காலி செய்கிற அன்றைக்கு அத்தனையையும் அந்த ஆளின் முகத்தில் வீசிவிட்டுப் போக வேண்டும் என்பது என் திட்டம்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். ஒரே ஒருமுறை அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது. அப்போது எனக்கு ஏழு மாதம். ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை விடிகாலையில் விட்டிருந்தது. கொல்லைப்புறம் காலி மனையில் முழங்கால் அளவு தண்ணீர், அது முழுக்கத் தவளை. நான் பின்கதவைத் திறந்தபோது மதிலோரம் அவர் வாணலியோடு நின்றிருந்தார். முகம் முழுக்க மழைத் தண்ணீர், குழந்தைபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டு, தன் ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். வெறும் காதுக்குக் கொறகொறவென்று ஒரே இரைச்சலாக இருந்தது உள்ளே தனித்தனியாகப் பிரிந்தது. ஒன்று கேட்கிறது, இன்னொன்று பதில் சொல்கிறது. தூரத்தில் ஒன்று சொட்டுச் சொட்டாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வயிற்றில் குழந்தை புரண்டது. இந்த ஆளுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று நினைத்தேன்.

அப்போது என் கணவர் பல் குச்சியோடு வந்தார். "இன்னாமே, நானும் கேக்கட்டா?" என்று சைகையிலேயே கேட்டார், பாவம். சந்தோஷத்தில் இருந்த வாணலி சார் அவருக்கும் மாட்டிவிட்டார். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டவனுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. இது எங்கள் எக்ஸ்சேஞ்சில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். என் கணவருக்கு யார் சொன்னார்கள்? ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து கேட்டவர், முழுத் தொண்டையில், "அடேங்கப்பா! இன்னாமா கத்துதுங்க! சார், இதுங்களுக்கு இன்னா சார் பிரச்னை?" என்றார்.

அத்தனை தவளையும் ஒரே நேரத்தில் நின்றன.

வாணலி சார் என் கணவரின் தலையிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினார். எச்சில் பட்டதைத் துடைப்பதுபோல அதைத் தன் துண்டால் துடைத்தார். என் கணவர், "சார், தப்பா நெனச்சுக்காத சார், தெரியாம" என்று பின்னாலேயே போனார். மாடிக் கதவு சாத்திக்கொண்டது. எட்டரைக்கு வந்த சீட்டில், "6.20. ஆண் குரல். ஒரு முழுப் பக்கம் அசுத்தம்" என்று இருந்தது. அந்தத் துண்டால் துடைத்ததை நான் மறக்கவே இல்லை.

அன்றைக்குப் பிறகு என் கணவர் மாறினார். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்முவார். இஞ்சின் ஸ்டார்ட் ஆனதைச் சொல்லமாட்டார். காலையில் என் காதுக்குப் பக்கத்தில் வந்து குசுகுசுவென்று, "கொழம்பு இன்னா?" என்பார். அந்தத் தொண்டைக்குக் குசுகுசுப்பு வராது, இருமல்தான் வரும். "நாம ஏன் இப்படித் திருடங்க மாதிரி குடும்பம் நடத்தணும்? வேற வீடு பாக்கலாம்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "வுடுமே. அந்தாளு பாவம், ஒரு ஆசை வெச்சுகினு கீறாரு. நம்ம கத்தி இன்னா ஆவப் போவுது" என்பார். போகப் போகச் சாயந்திரங்களிலும் அந்தக் குசுகுசுப்பே பழகிப்போனது. எங்கள் மகள் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பேசக் கற்றாள். எல்.கே.ஜி. சேர்த்த இரண்டாம் மாதம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, "குழந்தைக்குத் தொண்டையில ஏதாவது பிராப்ளமா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டார். தொண்டையில் ஒன்றும் இல்லை, மாடியில்தான் பிராப்ளம் என்று அந்த டீச்சரிடம் எப்படிச் சொல்வேன்.

மகளுக்கு ஆறு வயது ஆனபோது, ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து ரயிலுக்குக் காத்திருந்த என் கணவர் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கத்தக்கூட இல்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். மறுநாள் காலையில் வீடு முழுக்க ஜனம். என் நாத்தனார்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். வாணலி சார் இறங்கி வந்து தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் கொழுந்தனாரிடம், "எப்ப எடுக்கறீங்க?" என்றார். சாவு வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அன்றைக்குச் சீட்டு வரவில்லை. அதைத் தன் பெருந்தன்மை என்று அவர் நினைத்திருப்பார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். கல்யாண போட்டோ இருந்தது, கம்பெனி அடையாள அட்டை இருந்தது, சட்டை இருந்தது. குரல் இல்லை. இரண்டு பேருடைய குரலை ஊர்விட்டு ஊர் இணைத்துக் கொடுப்பதையே வேலையாக வைத்திருந்த என்னிடம் என் புருஷன் குரல் ஒரு வார்த்தைகூட இல்லை. அப்போதுதான் அந்தத் தவளை டேப் ஞாபகம் வந்தது. எனக்கு அந்த மனிதரிடம் ஒன்று கேட்பதைவிடச் சாவது மேல். இருந்தாலும் மாடிப்படி ஏறினேன். பெரிய அலமாரி, அதற்குள் வரிசை வரிசையாகக் கேசட். அதற்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"சார், அவர் அன்னிக்குத் தவளைச் சத்தம் கேட்டுட்டுக் கத்தினாரே, அந்த டேப் வேணும் சார். ஒரு நாள் குடுங்க. காப்பி எடுத்துட்டுத் திருப்பித் தந்துடறேன்."

"அது அன்னிக்கே அழிச்சாச்சேம்மா."

"வேற எதுலயாவது... ஒரு தும்மல், ஒரு வார்த்தை. இத்தனை வருஷத்துல ஏதாவது ஒண்ணுல விழுந்திருக்குமே சார்?"

"அசுத்தமானதை நான் வெச்சுக்கறதில்லையே" என்றார், என் கேள்வி அவருடைய தொழில் சுத்தத்தைச் சந்தேகிப்பதுபோல. பிறகு என்ன தோன்றியதோ, எழுந்து ஒரு கேசட்டை எடுத்தார். "அதே கேசட்டுல இப்ப செம்போத்து இருக்கு. பிரமாதமா விழுந்திருக்கு. கேக்கறீங்களா?" என்று மெஷினில் போட்டார். ஊப், ஊப், ஊப் என்று கேட்டது. என் புருஷன் குரல் இருந்த இடத்தில் அது உட்கார்ந்துகொண்டு கத்தியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். நான் இறங்கி வந்துவிட்டேன். செம்போத்து நல்ல சகுனம் என்பார்கள். எனக்கு அது எங்கே கத்தினாலும் கல்லெடுத்து எறியத் தோன்றும்.

இரண்டு வருஷம் கழித்து மகள் ஒரு நாள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "அம்மா, அப்பா எப்பவும் குசுகுசுன்னுதானே பேசுவாரு?" என்றாள். இல்லடி என்றேன். "அப்போ எப்படிப் பேசுவாரு?" என்றாள். நான் வாயைத் திறந்தேன், என்னால் அவரைப்போலப் பேசிக்காட்ட முடியவில்லை. எழுந்து போய் அந்தப் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தேன். ஒவ்வொரு சீட்டாகப் படித்தேன். 6.05 ஆண் தும்மல், ஆறு. 6.12 ஆண் சிரிப்பு, பதினோரு நொடி. 6.31 ஆண் குரல், மனைவியை அழைத்தல். 6.40 ஆண் பாட்டு, இரண்டு வரி. முகத்தில் வீசுவதற்காகச் சேர்த்து வைத்தவை அவை. என் புருஷனின் குரல் இந்த உலகத்தில் இருந்தது என்பதற்கு அந்த மனிதரின் கையெழுத்தைத் தவிர வேறு அத்தாட்சி எங்களிடம் இல்லை. மகள் பதினோரு நொடியை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "இவ்ளோ நேரம் சிரிப்பாரா?" என்றாள்.

அதற்குள் வாணலி சாரிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. என்னைத் தவிர யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிக்குள் ஒரு சுவர்க்கோழிப் பூச்சி புகுந்துகொண்டு சாயந்திரம் முழுக்கக் காதைத் துளைத்துக்கொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளிச் சுவர்க்கோழி கத்தினால் வாணலியோடு ஓடியவர், அதை உரசிக்கொண்டு படியேறினார், திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே. ஆனால் தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனால் உடனே ஜன்னலைச் சாத்தினார். எனக்குப் புரிந்துவிட்டது. வயதானால் மெல்லிய கீச்சுச் சத்தம்தான் முதலில் போகும், பேச்சுக் குரல் கடைசிவரை நிற்கும். எங்கள் சீனியர் ஆபரேட்டர்களிடம் பார்த்திருக்கிறேன். வாழ்நாள் முழுக்க எதை அசுத்தம் என்று சொன்னாரோ அது மட்டும்தான் இனி அவர் காதில் விழும். நான் சந்தோஷப்பட்டேன், அதை மறைப்பானேன்.

கூடுவாஞ்சேரியில் என் கணவர் வாங்கிப் போட்டிருந்த மனையில் இரண்டு அறை கட்டி முடித்தேன். காலி செய்வதற்கு முந்தின மாதம் எங்கள் பின்பக்கத் துணிக்கொடியில் ஒரு தேன்சிட்டு ஜோடி கூடு கட்டியது. மூன்று வாரம் துணி உலர்த்த வேண்டாம் என்று சீட்டு வந்தது. நாங்கள் இரண்டே பேர், அதுவும் குசுகுசுவென்று பேசுகிறவர்கள். சரி என்று விட்டுவிட்டேன். கிணற்றோரம் முக்காலி போட்டு அவர் தினமும் உட்கார்ந்தார்.

காலி செய்கிற அன்று சாயந்திரம் சாமானெல்லாம் வேனில் ஏறிக்கொண்டிருந்தது. மாடியம்மாள் கோயிலுக்குப் போயிருந்தார். சொல்லிக்கொள்வதற்காக மாடிக்குப் போனேன். வாணலி சார் ஹெட்ஃபோனைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"உக்காருங்கம்மா. நீங்க எக்ஸ்சேஞ்ச்ல இருக்கறவங்க, காது நல்லா இருக்கும். இந்த ஹெட்ஃபோன்ல ஏதோ கோளாறு போலிருக்கு. ஒரு தடவை கேட்டுச் சொல்றீங்களா?"

மாட்டிக்கொண்டேன். அவர் துடைக்காமல் கொடுத்தார்.

எல்லாம் இருந்தது. இவ்வளவு துல்லியமான பதிவை நான் கேட்டதில்லை. ஆண் சிட்டு ஊசி முனைபோல இரண்டு தடவை கூப்பிடும். இறக்கை படபடக்கும். உடனே கூட்டுக்குள்ளிருந்து இரண்டு குஞ்சுகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு கீச்சிடும். தீனி வாய்க்குள் போனதும் அடங்கும். பிறகு தாய் வரும். வாளிச் சத்தம் இல்லை, விசில் இல்லை, விமானம் இல்லை.

"நாளைக்குக் காலேஜ் புரொபசர் ஒருத்தர் கேக்க வரேன்னிருக்கார். கூட்டுச் சத்தத்துக்காக இருபது வருஷமா அலையறேன். குஞ்சும் பறந்துபோயிடுச்சு, இனிமே எடுக்க முடியாது. விழுந்திருக்கா?"

இருக்கு சார், நல்லா விழுந்திருக்கு என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான்.

"விழுந்திருக்கும். இந்த வருஷம் சுத்தமா இருந்தாகணும்" என்றார் அவரே. "முன்னல்லாம் உங்க ஹஸ்பெண்ட் இருப்பார், ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப கீழ்வீட்டுலேர்ந்து அந்தத் தொந்தரவு இல்ல பாருங்க."

வன்மமாகச் சொல்லவில்லை. மழை விட்டுவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

ஹெட்ஃபோனுக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. "இல்ல சார்" என்றேன். "ஒண்ணும் விழல. கேசட் ஓடற சத்தம் மட்டும்தான் கேக்குது."

"நல்லா கேளுங்க."

"நல்லா கேட்டேன் சார்."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். அவருக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. கோளாறு காதில் இல்லை, டேப்பில்தான். கெட்ட டேப்பை ஒரு நாள்கூட வைத்திருக்காதவர் அன்றைக்கும் வழக்கத்தை மாற்றவில்லை. கேசட்டை முதலுக்கு ஓட்டினார். மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டு, டேப்பை அழிப்பதற்காகச் சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார். நான் எழுந்திருக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார். அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு, கேசட்டின் அந்தப் பக்கம் முழுக்க ஓடி முடிந்து பொத்தான் டக்கென்று எகிறும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். இடையில் அவர், "யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா, டேப் காலியா போச்சுன்னு" என்றார். சொல்லமாட்டேன் சார் என்றேன். இப்போதுவரை எனக்கு அதில் வருத்தம் இல்லை. வந்தால் வரட்டும் என்று காத்துக்கூடப் பார்த்தேன், வரவில்லை.

கீழே வந்து காலி வீட்டில் தரையில் உட்கார்ந்தேன். மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அவர் வழக்கப்படி நாலுக்கு மூன்று விரல் அளவில் மடித்துக் கத்தரித்தேன். பிஸ்கட் டின்னை மகள் மடியில் கொடுத்து வேனில் ஏறச் சொன்னேன். எழுதி முடித்ததும் வீட்டுச் சாவியை அந்தச் சீட்டில் சுற்றி, மாடிக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

"இன்று மாலை 4.10. தேன்சிட்டு ஜோடி, குஞ்சு இரண்டு. ஒரு முழுப் பக்கம். சுத்தம். அழிக்கப்பட்டது."

காதுதான் போயிருந்தது. கண் அவருக்கு நன்றாகத் தெரியும்.